மானாப்புல் காயும் மாதங்கள்: மலையகப் பூங்காக் காவலர்களின் அன்றாட வேலையும் காட்டுத்தீயும்

இலங்கை மலையகத்தின் ஹோர்ட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்குப் போய் வந்த ஒருவர் இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தார். வாசலில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிடுவதைத் தவிர, வனசீவராசிகள் உத்தியோகத்தர்கள் நாள் முழுவதும் என்னதான் செய்கிறார்கள் என்பது முதலாவது. வறட்சி வந்தவுடன் மலையகம் எங்கும் மலைகள் எரிகின்றனவே, அந்தத் தீயை முதல் நாளிலேயே ஏன் அணைக்க முடிவதில்லை என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் ஒரே கேள்வியாகவே நான் பார்க்கிறேன். பெப்ரவரியில் ஒரு மலை எரியுமா எரியாதா என்பதில் பெரும்பங்கு, அதற்கு முந்தைய மாதங்களில் காவலர்கள் பூங்காவின் எல்லையோரம் நடந்தார்களா, அங்கே எதைக் கண்டார்கள், யாரோடு பேசினார்கள் என்பதைப் பொறுத்தே தீர்மானமாகிறது.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் பரப்புடையது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே அமைந்தது. 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் சிவனொளிபாத மலை வனப்பகுதியுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரும் ஆறுகளுக்கும் நீர் தரும் ஓடைகள் இங்கிருந்தும் இதன் சுற்றுப்புறத்திலிருந்தும் புறப்படுகின்றன. யால, வில்பத்து போன்ற தாழ்நிலப் பூங்காக்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆனால் இதன் எல்லையைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களும் மரக்கறித் தோட்டங்களும் பைன், யூக்கலிப்டஸ் தோப்புகளும் நெருங்கி நிற்பதால், பரப்பு சிறிதென்றாலும் காவல் எளிதன்று.

காவலரின் நாள் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. சமவெளி சட்டென்று முடிந்து செங்குத்துப் பாறையாக இறங்கும் 'உலக முடிவு' என்ற விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கைக் காலை ஒன்பது, பத்து மணிக்குள் பார்க்காவிட்டால் மூடுபனி வந்து மறைத்துவிடும் என்பதால், நுவரெலியாவிலிருந்தும் ஓகிய பக்கத்திலிருந்தும் வாகனங்கள் இருட்டோடு வந்து வரிசையில் நிற்கும். வாசலில் நடக்கும் பைச் சோதனையைப் பலர் ஒரு தொல்லையாகவே கருதுகிறார்கள். வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி மனிதரை அண்டி நிற்கும் மரைகள் என்ற பெரிய மான்கள், பாணுக்கும் பிஸ்கட்டுக்கும் பழகிப்போனவை; உணவின் மணம் ஒட்டிய பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. அது வயிற்றில் திரண்டு அடைத்துக்கொள்ள, அந்தப் பெரிய விலங்கு மெல்ல மெல்ல மெலிந்து இறக்கிறது. சோதனைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தீப்பெட்டி, லைட்டர், சிகரெட் ஆகியவையும் அப்போதுதான் எடுக்கப்படுகின்றன. மரையைக் காப்பதற்கும் புல்வெளியைக் காப்பதற்கும் ஒரே மேசையில், ஒரே காவலரால், ஒரே நேரத்தில் சோதனை நடக்கிறது.

அதன் பின் வருவனவற்றை முன்கூட்டியே திட்டமிட முடியாது. நடைபாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நீளமானது. பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் வழுக்கலான படிகளில் யாராவது கால் பிசகி விழுவார்கள். கிரிகல்பொத்த உச்சிக்குப் போன இளைஞர்கள் மூடுபனியில் வழி தெரியாமல் நிற்பார்கள். நுவரெலியாவின் வெயிலை நம்பி மெல்லிய சட்டையோடு வந்தவர் மழையில் நனைந்து குளிரில் விறைத்துப் போவார். உலக முடிவின் விளிம்பில் நடப்பவை இவை எல்லாவற்றிலும் கொடியவை. 2015 பெப்ரவரியில் நெதர்லாந்திலிருந்து வந்த பயணி ஒருவர் படம் எடுக்கும்போது தவறி விழுந்து, சுமார் 40 மீற்றர் கீழே ஒரு மரத்தில் தடுக்கப்பட்டு, இராணுவத்தினரால் உயிரோடு மீட்கப்பட்டார். அங்கிருந்து விழுந்து உயிர் தப்பிய முதலாமவர் அவரே என்று அப்போது பேசப்பட்டது. நடக்க முடியாத ஒருவரைச் சுமந்து வாசல்வரை கொண்டுவர, ஆள் மாற்றி ஆள் தோள்கொடுக்க அரை டசின் பேராவது வேண்டும். அந்த அரை டசின் பேரும் அன்றைக்கு எல்லை ரோந்துக்குப் போயிருக்க வேண்டியவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து நான் சொல்வது விளங்கும்.

எல்லை ரோந்துதான் இந்த வேலையின் உயிர். பயணிகள் கண்ணில் அது படுவதேயில்லை. காட்டோரம் நடக்கும் காவலர் முதலில் தேடுவது சுருக்குக் கம்பிகளை. காட்டுப் பன்றிக்கென்று, பழைய பிரேக் கேபிளிலோ வேலிக் கம்பியிலோ செய்து, விலங்கு நடக்கும் தடத்தில் அவற்றைக் கட்டிவிடுகிறார்கள். சிக்குவது பல வேளைகளில் சிறுத்தையாக இருக்கிறது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணி பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இவ்வாறு கம்பியில் மாட்டி, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டும் சில நாட்களில் இறந்ததை மலையகத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கம்பியை அறுத்தெடுப்பதோடு ரோந்து முடிந்துவிடுவதில்லை. கம்பி கட்டியவர் எந்தப் பாதையால் வந்தார், அடுப்பு மூட்டிய சாம்பல் எங்கே கிடக்கிறது, மாடு கட்டிய முளை எங்கே இருக்கிறது, மரக்கறிப் பாத்தி போன மாதத்தைவிட எத்தனை முழம் காட்டுக்குள் ஏறியிருக்கிறது என்பவற்றையெல்லாம் அனுபவமுள்ள காவலர் குறித்துக்கொள்வார். தீ எங்கே தொடங்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த வரைபடத்தை எந்தச் செயற்கைக்கோளும் தருவதில்லை.

இனித் தீக்கு வருகிறேன். மலையகத்துக்குத் தீக்காலம் ஒன்றல்ல, இரண்டு. சனவரி தொடங்கி மார்ச் வரை மேற்குச் சரிவுகளும் நடு மலைநாடும் காய்கின்றன. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா பகுதிகளில் தீ பரவல் செய்திகள் வருவது அப்போதுதான். அந்த மாதங்களில் இரவில் விழும் உறைபனி, ஹோர்ட்டன் சமவெளியின் புல்லைக் கருக்கி வைக்கோலாக்கிவிடுகிறது. காலையில் வெண்மையாக மின்னும் அந்தப் புல், நண்பகல் வெயிலில் தீப்பொறிக்குக் காத்திருக்கும் எரிபொருள். இரண்டாவது காலம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி, இறங்க இறங்கச் சூடேறி உலர்ந்து, அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, எல்ல மலைகளின் மேல் கச்சான் காற்றாக வீசுகிறது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவதும் அந்தக் காற்றுதான். பத்தனைப் புல்வெளிகளைச் சுள்ளியாக்குவதும் அதேதான். ஹட்டனில் குடை பிடித்து நடக்கும் அதே நாளில் எல்லவில் மலை எரிவது இதனால்தான்.

யார் தீ வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு நம் செய்தித்தாள்கள் "இனந்தெரியாத விஷமிகள்" என்று எழுதி முடித்துவிடுகின்றன. அந்தச் சொல்லில் எனக்குத் திருப்தியில்லை. மலையகத்தில் இடி மின்னல் பெரும்பாலும் மழையோடு, பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் வருகிறது; ஆகவே மின்னலால் மூளும் தீ இங்கே மிக அரிது, ஏறத்தாழ ஒவ்வொரு தீயும் மனிதர் கையிலிருந்தே புறப்படுகிறது. ஆனால் அந்தக் கைகள் எல்லாம் விஷமிகளின் கைகள் அல்ல. முற்றிய மானாப்புல்லை மாடு தின்னாது என்பதால் இளந்தளிருக்காக எரிப்பவர் உண்டு. அந்தத் தளிரைத் தின்ன மரையும் பன்றியும் வரும் என்று எரிக்கும் வேட்டைக்காரர் உண்டு. பாத்தி வெட்ட நிலம் துப்புரவாக்குபவர், தேன் எடுக்கப் பந்தம் கொளுத்துபவர், மலையேறிச் சமைத்துவிட்டு அடுப்பை அவியாமல் வரும் சுற்றுலாப் பயணிகள் ஆகியோரும் உண்டு. காட்டை எரித்தால் மழை வரும் என்ற நம்பிக்கையும் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வறட்சி முற்றிய காலத்தில் எரிப்பதால், சில நாளில் மழை வந்துவிட்டால் நம்பிக்கை உறுதிப்படுகிறது. மழையைக் கொண்டுவந்தது பருவம்தான், புகையல்ல. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒவ்வொரு பரிகாரம் தேவை. மாட்டுக்குத் தீவனமில்லாதவரையும் வேட்டைக்காரரையும் ஒரே வழக்கில் நிறுத்துவதால் எந்தப் பயனும் இல்லை.

எரிகின்ற விதமும் நிலத்துக்கு நிலம் மாறுகிறது. மானாப்புல் வாசனை எண்ணெய் கொண்ட புல்லினம். ஆளுயரம் வளர்ந்து, அடியில் காய்ந்த தாள்களைச் சேர்த்து வைத்திருக்கும். தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய நிலத்தை வளப்படுத்தத் தோட்டங்களிலேயே நடப்பட்ட இப்புல், கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் தானாகவும் பரவி, இன்று பல இடங்களில் காட்டோரத்திலிருந்து தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக் கொல்லைப்புறம் வரை இடைவெளியின்றி நிற்கிறது. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது சுவாலை முன்னால் உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுவதால், சரிவு பத்துப் பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். உலக முடிவுக்குக் கீழே பெலிஹுல்ஓயா பக்கத்துச் சரிவுகளில் மூளும் தீயைச் சமவெளியின் காவலர்கள் அஞ்சுவது இதனால்தான். 1970களிலிருந்து வெறும் பத்தனைகளில் நடப்பட்ட பைன் தோப்புகள் இன்னொரு வகை. அவற்றின் ஊசியிலைப் படுக்கை மெத்தென்று காற்றோட்டத்தோடு கிடக்கிறது. பிசின் எரியும்போது தீயின் சூடு மனிதரை நெருங்கவிடாது.

முகில்காடு இவற்றிலிருந்து வேறுபட்டது. பாசி போர்த்திய குள்ள மரங்களும் ஈர நிலமும் புல்தீயை விளிம்பிலேயே தடுத்து நிறுத்திவிடும். பல நூற்றாண்டுகளாகப் புல்லும் காடும் அருகருகே நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சில பத்தாண்டுகளாக ஹோர்ட்டன் சமவெளியின் காட்டில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. பட்ட இடத்தில் கூரை திறந்து வெயில் தரையைத் தொடுகிறது, பாசி காய்கிறது, விறகு நிற்கிறது. இதோடு ஐரோப்பாவிலிருந்து வந்த, முள்ளும் மஞ்சள் பூவும் கொண்ட கோர்ஸ் புதர் சேர்கிறது. எண்ணெய்ப்பசையுள்ள அது பச்சையாகவே எரியும். எரிந்த அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிய அதன் விதைகளைச் சூடு எழுப்பிவிடும். தன்னார்வலர்களைக் கூட்டிக் கோர்ஸ் புதர்களை வேரோடு பிடுங்கும் வேலையைப் படத்துக்கான நிகழ்ச்சி என்று எவரும் எண்ண வேண்டாம். அது தீத்தடுப்பு வேலை.

அணைப்பது எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் கையால்தான். தீயணைப்பு வண்டி ஏறக்கூடிய பாதை இந்த மலைகளில் மிகக் குறைவு. தகவல் வந்ததும் காவலர்கள், வனப் பாதுகாப்புத் திணைக்களத்தினர், பொலிஸார், இராணுவத்தினர், தோட்டத்து இளைஞர்கள் என்று கிடைத்தவர்கள் மண்வெட்டி, கத்தி, பச்சை மரக்கிளைகளோடு ஏறுகிறார்கள். சுவாலை இடுப்பளவுக்குக் கீழே இருந்தால் கிளையால் அடித்து அணைக்கலாம். அதற்கு மேலே போனால் முன்னால் நின்று எதிர்ப்பது உயிருக்கு ஆபத்து. பக்கவாட்டில் நின்று ஒடுக்கிக்கொண்டே போக வேண்டும், அல்லது வெகு முன்னால் போய்ப் புல்லைச் செதுக்கி மண் தெரியும்படி ஒரு தடுப்புக்கோடு இழுக்க வேண்டும். தேயிலைக்கு மருந்தடிக்கும் முதுகுத் தாங்கியில் தண்ணீர் கொண்டு போவதுண்டு. முன்னேறும் தீக்கு அது போதாது, ஆனால் அணைந்த பின் புகைகிற அடிக்கட்டைகளுக்கு அதைவிடச் சிறந்த கருவியில்லை. விமானப்படையின் பெல் 212 உலங்குவானூர்திகள் வாளியில் நீர் அள்ளிவந்து ஊற்றுவதைக் கண்டு மக்கள் நிம்மதி அடைகிறார்கள். அது தீயின் வேகத்தைத் தணிக்கும், கால்நடையாக ஏறுபவர்களுக்கு நேரம் வாங்கித் தரும். காற்றும் முகிலும் அனுமதித்தால்தான் அது வரும், அருகில் நீர்த்தேக்கம் இருந்தால்தான் அடிக்கடி வரும், தரையில் ஆளில்லாவிட்டால் ஊற்றிய நீர் காய்ந்ததும் தீ திரும்ப எழும்.

முதல் நாளிலேயே அணைக்க முடியாததற்கு நேரமும் ஒரு காரணம். தீ பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகு, ஈரப்பதன் குறைந்து காற்று கூடும் வேளையில் பெரிதாகிறது. காவலர்கள் இரண்டு மூன்று மணி நேரம் ஏறி அந்த இடத்தை அடையும்போது பொழுது சாய்கிறது. இரவில் குளிர்காற்று சரிவில் இறங்கி, பனி விழுந்து, தீ தளர்ந்து கிடக்கும். தாக்குவதற்கு அதுவே சிறந்த நேரம். ஆனால் இருட்டில், புகையில், பாறை விளிம்பும் பள்ளமும் தெரியாத சரிவில் ஆட்களை இறக்க எந்தப் பொறுப்புள்ள அதிகாரியும் துணியமாட்டார். விடிந்ததும் மீண்டும் ஏறி, காற்று எழுவதற்கு முன் முடிக்க வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் இன்னொரு நாள் போய்விடும். சுவாலை அடங்கிய பின்பும் வேலை பாதிதான் முடிந்திருக்கும்: உயர்மலைப் பத்தனையின் கறுப்பு மண்ணில் மக்கிய தாவரப் படலம் தடித்திருப்பதால், அது உள்ளுக்குள் கனன்று, மறுநாள் வெயிலில் வேறோர் இடத்தில் தலைகாட்டும். கையை வைத்துச் சூடு பார்த்துப் பார்த்து அடியடியாக நடக்கும் அந்தக் காவல் எந்தப் படத்திலும் இடம்பெறுவதில்லை.

இன்னொரு காரணம் நிர்வாகம். தேசிய பூங்கா வனசீவராசிகள் திணைக்களத்துக்குரியது, நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமும் பைன் தோப்புகளும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரியவை, தேயிலை மலை தோட்ட நிர்வாகத்துக்குரியது, இடையிலுள்ள துண்டு நிலம் யாருடையது என்று தேட வேண்டியிருக்கும். தீ இந்த எல்லைகளை ஒரே பிற்பகலில் கடந்துவிடுகிறது. செயற்கைக்கோளின் உதவி இருக்கிறது. நாசாவின் தீ அவதானிப்புத் தரவுகளை எவரும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் அவற்றின் மிக நுணுக்கமான புள்ளியே 375 மீற்றர் அகலமானது, செயற்கைக்கோள் கடந்து செல்வதோ நாளில் சில தடவைகள் மட்டுமே, முகில் மூடினால் அதுவும் இல்லை. ஒரு லயத்துப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண் எதிர்மலையில் முதல் புகையைப் பார்ப்பது இவை எல்லாவற்றுக்கும் முன்பே நடந்துவிடுகிறது.

அந்தப் பீலிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே உள்ள காடு எரிந்த ஆண்டில் ஊற்று முன்கூட்டியே வற்றுவதையும், முதல் மழைக்குச் சாம்பலும் மண்ணும் கலந்து கறுப்பு நீர் வருவதையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். 1873 இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின்பேரில் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டுவதற்குத் தடை வந்தபோது சொல்லப்பட்ட காரணமும் நீர்வளமும் காலநிலையும்தான். எரிந்த சரிவில் மண்ணைப் பிடிக்க வேரில்லை. நிதானமாக நகரும் கொம்புப் பல்லிகளும் குள்ளப் பல்லிகளும் ஓடித் தப்ப முடியாதவை. அவை இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. புல் மூன்று வாரத்தில் பச்சை கட்டுவதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பது தவறு. ஆண்டுதோறும் எரியும் இடத்தில் காட்டின் விளிம்பு ஒவ்வொரு முறையும் சில அடி பின்வாங்குகிறது. புல் தானாக அந்த இடத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பதில் என் கருத்து உறுதியானது. முதல் வேலை திசெம்பரிலேயே, தீக்கு முன்னதாக, எல்லையோரத் தடுப்புக்கோடுகளைச் செதுக்கி முடிப்பது. அதற்கான கூலியைத் தோட்டத்து மக்களுக்கே கொடுப்பது. இரண்டாவது, ஒவ்வொரு எல்லையோரத் தோட்டத்திலும் பத்துப் பதினைந்து பேருக்குப் பயிற்சியும் சப்பாத்தும் கையுறையும் முதுகுத் தாங்கியும் கொடுத்து, அவர்களைத் திணைக்களத்தின் பதிவேட்டில் சேர்ப்பது. இன்று அவர்கள் செருப்புக் காலோடு ஏறித் தீயை அணைக்கிறார்கள். மறுநாள் அதே மக்களில் ஒருவர்தான் சந்தேகநபராக விசாரிக்கப்படுகிறார். மூன்றாவது, அறிவித்தல்களும் கலந்துரையாடல்களும் தமிழில் நடக்க வேண்டும். எல்லையைச் சுற்றி வாழ்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள், ரோந்து வருபவர்களில் பெரும்பாலோர் சிங்களம் பேசுபவர்கள். இருசாராருக்கும் ஒருவரையொருவர் முகம் தெரியும், ஆனால் மழை நம்பிக்கையைப் பற்றியோ மாட்டுத் தீவனத்தைப் பற்றியோ ஆற அமரப் பேசும் அளவுக்கு மொழி போதவில்லை. கோயில் திருவிழாக் கூட்டத்தில் தோட்டத் தலைவரும் காவலரும் சேர்ந்து நின்று பேசும் பத்து நிமிடம், வீதியோரப் பலகையைவிட அதிகம் சாதிக்கும்.

நீங்கள் மலையில் புகையைக் கண்டால் 119 இல் பொலிஸாருக்கோ 117 இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கோ உடனே அழையுங்கள். எந்தத் தோட்டம், எந்த மலை, புகை சரிவின் அடியிலா நடுவிலா முகட்டிலா, காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது, வாகனம் எதுவரை வரும், கிட்டத்தில் லயமோ வீடோ இருக்கிறதா என்று இந்த ஒழுங்கில் சொன்னால் வருபவர்களுக்கு ஒரு மணி நேரமாவது மிச்சமாகும். தீக்கு மேலே உள்ள சரிவில் நின்று பார்க்காதீர்கள். ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலத்தின் பக்கமாகவோ வெறும் பாறையின் பக்கமாகவோ விலகுங்கள், பிள்ளைகளையும் மாடுகளையும் முதலில் இறக்குங்கள்.